தோல்முட்டைக் காலம்

என் வலது கைக்குள் ஒரு முட்டை இருந்தது. எதிரே, ஊராட்சி சமுதாயக் கூடம் நிறைய மகளிர் குழுப் பெண்கள். மேலே மின்விசிறி சுற்றியது. அதன் காற்று மட்டும் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

இடது கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "முட்டையை இப்படி முழுக் கையால அழுத்திப் பாருங்க. ஓடு நல்லா இருந்தா உடையவே உடையாது."

அழுத்தினேன். உடையவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு தடவை அழுத்தினேன். அப்போதும் உடையவில்லை. யாரோ ஒருவர் கைதட்டினார்.

சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் விட்டுவிட்டேன். நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால், பக்கத்து வீட்டு ஜெயந்தி. அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறவள் இல்லை. எது என்றாலும் என் மனைவி மல்லிகாவைத்தான் கூப்பிடுவாள்.

"சார், அக்கா வழுக்கி விழுந்துட்டாங்க. கையி கோணிக்கிட்டு நிக்குது. நாங்க ஆட்டோவுல தஞ்சாவூருக்குக் கெளம்பிட்டோம். நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

அப்போதுதான் முட்டை உடைந்தது. என் விரலில் மோதிரம் இருப்பதை நான் நினைக்கவேயில்லை. மஞ்சள் கரு மணிக்கட்டில் இறங்கி, முழுக்கைச் சட்டைக்குள் புகுந்து, முழங்கை வரை போனது. அதே சட்டையோடுதான் பஸ் ஏறினேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரியவந்ததைச் சொல்வதற்கு முன்னால் கோழிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

குரலால் விவசாயம்

நான் வானொலியில் வேளாண் நிகழ்ச்சி அறிவிப்பாளனாக இருந்தவன். என் அப்பா பிறத்தியார் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். அவர் மகனான நான், குளிரூட்டிய அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, அதே வயல்களுக்கு எப்போது மேலுரம் இட வேண்டும் என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். வேட்டியில் சேறு படாமல் இவ்வளவு விவசாயம் செய்த ஆள் டெல்டாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எழுதிக் கொடுப்பதை வாசிப்பது என் வேலை. எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லை அழுத்த வேண்டும் என்பதில் நான் கெட்டிக்காரன். என்ன வாசிக்கிறேன் என்பது பெரும்பாலும் என் காதுக்கே எட்டியதில்லை.

ஒருமுறை பாபநாசம் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டதுதான் தாமதம், முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பிவிட்டார். குரலை வைத்தே பிடித்துவிட்டார். "சார், சம்பாவுல இலையெல்லாம் மஞ்சளா ஓடுது, நீங்கதான் சொல்லணும்" என்றார். முந்தின வாரம்தான் அதைப் பற்றி வாசித்திருந்தேன் என்பது நினைவிருந்தது. என்ன வாசித்தேன் என்பதுதான் நினைவில்லை. "இது என் ஸ்டாப்பிங்" என்று சொல்லி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். வெயிலில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். அந்தப் பெரியவர் பஸ் மறைகிற வரை ஜன்னல் வழியாகக் கையசைத்துக்கொண்டே போனார்.

மல்லிகா அங்கன்வாடி ஆசிரியை. என் நிகழ்ச்சி வருகிற நேரம் அவளுக்குச் சமையல் நேரம். ரேடியோ ஓடும். கேட்டாளா என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கோழி வந்த வழி

ஓய்வு பெற்றபின் குடமுருட்டிக் கரையோரம் இருக்கும் எங்கள் ஊர் வீட்டிலேயே தங்கிவிட்டோம். பிள்ளைகள் வெளியூரில். வேலை இல்லாத எனக்கு மல்லிகா எங்கே போனாலும் பின்னாலேயே போவது வழக்கமாயிற்று. அவள் கீரை ஆய்ந்தால் கீரை ஆய்வது எப்படி என்று சொல்வேன். துணி காயப்போட்டால் எந்தப் பக்கம் வெயில் நன்றாக விழும் என்று சொல்வேன். ஒருநாள் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எதையாவது வளருங்க. ஆடோ கோழியோ, எதுவா இருந்தாலும் சரி. பேச்சுக் கேக்கறதுக்கு உங்களுக்கு ஆளு வேணும்" என்றாள்.

மொபெட்டில் கூண்டு கட்டி வரும் வியாபாரியிடம் ஆறு கோழிக்குஞ்சு வாங்கினேன். நாட்டுக்கோழி மாதிரி இருக்கும், ஆனால் முட்டை அதிகம் வைக்கும் என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. தை மாதம் முட்டையிட ஆரம்பித்தன. அந்த வருஷம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் எல்லார் வீட்டுக்கும் கொடுத்தேன். கொடுக்கும்போது சும்மா கொடுக்காமல், கோழி வளர்ப்பு பற்றி ஓர் உரையும் சேர்த்துக் கொடுத்தேன். முட்டைக்காக உரையைப் பொறுத்துக்கொண்டார்கள்.

அடுத்த பங்குனியில் வினை ஆரம்பித்தது.

முதலில் ஓடு மெலிந்தது. கூண்டிலிருந்து எடுக்கும்போதே கட்டைவிரல் உள்ளே போய்விடும். ஜெயந்திக்குக் கொடுத்த முட்டைகள் அவள் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் பைக்குள்ளேயே கலங்கிவிட்டன. ஓடு சொரசொரவென்று, மணல் ஒட்டின மாதிரி சில. வரி வரியாகச் சில. கூண்டுக்குள்ளேயே உடைந்ததைக் கோழிகள் ருசி பார்க்க ஆரம்பித்தன. ருசி கண்டபின் நல்ல முட்டையையும் கொத்தின.

சித்திரை வெயில் உச்சிக்கு ஏறியிருந்த ஒரு காலையில், கூண்டு வைக்கோலின்மேல் ஓடே இல்லாத முட்டை ஒன்று கிடந்தது. ஊரில் தோல்முட்டை என்பார்கள். கையில் எடுத்தேன். வெதுவெதுப்பாக, தண்ணீர் நிரப்பின பலூன் மாதிரி உள்ளங்கையில் தளும்பியது. உள்ளே மஞ்சள் கரு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்வது தெரிந்தது. கீழே வைக்கவும் பயம், பிடித்திருக்கவும் பயம். அப்படியே ஏந்திக்கொண்டு போய் அடுப்படி வாசலில் நின்றேன்.

அங்கன்வாடிக் குழந்தைகளுக்காக வேலைக்காலம் முழுவதும் முட்டை அவித்து உரித்தவள் மல்லிகா. குனிந்து பார்த்தாள். "உரிக்கிற வேலை மிச்சம்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. கடையில் பையன்கள் பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்து, "ரேடியோ சார் வீட்டு முட்டை மாதிரி இருக்கு" என்று சிரித்தார்களாம். இதை என்னிடம் வந்து சொன்னவர்களும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

முக்கூட்டு

சும்மா இருப்பேனா? முட்டை ஓட்டில் இருப்பது சுண்ணாம்புச் சத்து என்பது எனக்குத் தெரியும். ஆகவே வெற்றிலைச் சுண்ணாம்பைக் குடிதண்ணீரில் கரைத்து வைத்தேன். ஆறு கோழிகளும் வரிசையாக வந்து அலகை விட்டுப் பார்த்து, தலையை உதறிவிட்டு, பாத்திரம் கழுவும் இடத்துச் சாக்கடையில் போய்க் குடித்தன. பழைய சுவரின் காரையைப் பெயர்த்துப் போட்டேன். அதை அவை தின்றன. சுவரில் ஒரு ஓட்டை விழுந்ததுதான் கண்ட பலன். உடைந்த ஓடுகளையே வறுத்துப் பொடித்துப் போட்டேன். ஆனால் வறுக்க வேண்டிய அளவுக்கு ஓடு கிடைத்தால்தானே.

கடைசியில் நானே ஒரு மருந்து கண்டுபிடித்தேன். முருங்கைக்கீரை, புளித்த மோர், நாகப்பட்டினத்துக் கருவாட்டுத் தலை இடித்த தூள். மூன்றையும் தவிட்டில் பிசைந்து காலையில் வைப்பது. 'முக்கூட்டு' என்று பெயரும் வைத்தேன். நாற்றம் தாங்காமல் ஜெயந்தி அந்தப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டாள். மல்லிகா மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு நடந்தாள். ஆனால் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. "நீங்க காலையில வைங்க, சாயங்காலத் தீனிய நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். பரிதாபப்பட்டுச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

வைகாசியில் ஓடு திரும்பியது.

முதலில் நம்பவில்லை. முட்டையை எடுத்து நகத்தால் தட்டிப் பார்த்தேன். டக் டக் என்றது. அடுத்தடுத்து எல்லாக் கோழிகளும் அப்படியே. நான் மல்லிகாவைக் கூப்பிட்டு அவள் காதருகே முட்டையைத் தட்டிக் காட்டினேன். "பரவாயில்லயே" என்றாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு என் அறிவுக்கான மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு நான் தெருவில் நடந்த விதத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. டீக்கடையில் முக்கூட்டு பற்றிப் பேசினேன். முடிதிருத்தும் கடையில் பேசினேன். ஒரு துக்க வீட்டில், பந்தலுக்கு வெளியேதான் என்றாலும், பேசினேன். மகளிர் குழுத் தலைவி கலைச்செல்வி வந்து, எங்கள் கூட்டத்தில் இதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல முடியுமா சார் என்று கேட்டபோது, தேதி எப்போது என்று கேட்பதற்கு முன்பே சரி என்றேன்.

ஆஸ்பத்திரியில்

இப்போது சட்டைக்கு வருவோம். பஸ்ஸில் போகும்போதே மஞ்சள் கரு காய்ந்து, கையை மடக்கினால் மொரமொரவென்றது. நான் போய்ச் சேர்ந்தபோது மல்லிகா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு முள்கரண்டியைக் கவிழ்த்த மாதிரி வளைந்திருந்தது. கோழித் தீனிப் பாத்திரத்தோடு போனவள், அடிபம்புப் பக்கத்துப் பாசியில் வழுக்கிக் கையை ஊன்றியிருக்கிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "சட்டையில என்ன?" என்றுதான்.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உடைந்த இடத்தைவிட மற்ற இடம்தான் அவருக்குக் கவலையாக இருந்தது. எலும்பு வெளிறி, உள்ளே வலை வலையாகத் தெரிந்தது. நின்ற வாக்கில் விழுந்ததற்கு இப்படி உடையக் கூடாது என்றார். போன வருஷம் முழங்கால் வலிக்காகப் பார்த்த சீட்டு மல்லிகாவின் பையில் இருந்தது. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கால்சியம் மாத்திரை எழுதியிருக்காங்களே, சாப்பிட்டீங்களாம்மா?"

மல்லிகா கூரையைப் பார்த்தாள்.

நான் முந்திக்கொண்டேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் டாக்டர், மாதா மாதம் நான்தான் வாங்கி வருகிறேன், தீர்ந்ததும் சொல்கிறாள், மறுபடி வாங்குகிறேன் என்றேன். பொறுப்பான கணவனின் குரலில் சொன்னேன். அந்தக் குரலும் எனக்கு நன்றாக வரும்.

"நான் சாப்பிடல" என்றாள் மல்லிகா.

மருத்துவர் அவளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"கோழிக்குப் போட்டுட்டேன்."

மருத்துவர் நிறைய பதில்கள் கேட்டிருப்பார். இது புதிது போலிருக்கிறது. பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டார். எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். மனைவியின் கை உடைந்து தொங்குகிறது. எலும்பு வலையாகப் போயிருக்கிறது. நானோ, அப்படியானால் முக்கூட்டு வேலை செய்யவில்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாவுக்கட்டுப் போட்டு, அது காய்வதற்காக வெளியே உட்கார வைத்தார்கள். ஜெயந்தி காபி வாங்கப் போயிருந்தாள். நான் மெதுவாகக் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று.

"அது எத்தாம் பெரிசு, பாத்துருக்கீங்களா? தொண்டையில குறுக்கால நின்னுக்கும். ரெண்டு நாளு சாப்பிட்டேன், வயித்தக் கட்டிடுச்சு. அப்பறம் தீந்துடுச்சுன்னு சொல்லி நீங்க வாங்கியாந்ததெல்லாம் டப்பாவுலயே கெடந்துச்சு. அன்னிக்கு நீங்க அந்தத் தோல்முட்டைய கையில வச்சுக்கிட்டு வந்து நின்னீங்கல்ல..."

எதிரே ஒரு குழந்தை ஊசிக்கு அழுதுகொண்டிருந்தது.

"ரிடையர் ஆன அன்னிக்குக்கூட உங்க மொகம் அப்படி இல்லங்க. எனக்குத்தான் ஒத்துக்கல, அதுங்களாவது தின்னு ஓடு போடட்டுமேன்னு சாயங்காலத் தீனியில பொடிச்சுப் போட்டேன். நல்லாத்தான வந்துச்சு?"

நல்லாத்தான் வந்தது என்றேன். அதற்குமேல் பேசினால் குரல் சரியாக வராது என்று தெரிந்தது. குரலை வைத்துப் பிழைத்தவனுக்கு அது மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிடும். காய்ந்த மஞ்சள் கருவைச் சட்டைக் கையிலிருந்து சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மழைதான்

அடுத்த சில நாட்களில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். முக்கூட்டு தோற்றது, மாத்திரை வென்றது, மல்லிகா என்னைவிடச் சிறந்த ஆராய்ச்சியாளர். இதை ஏற்றுக்கொள்ளும் பெரிய மனது எனக்கு இருப்பதை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இனி அவள் மாத்திரையை அவள் சாப்பிட வேண்டும், கோழிக்கு வேறு மாத்திரை வேண்டும். கேட்டுவரக் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன்.

அங்கே இளவயது டாக்டரம்மா. ஒரு கன்றுக்குட்டியின் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே என் கதையை முழுவதும் கேட்டார். என் குரலையும் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய அம்மா என் நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்பாராம். எனக்கு உள்ளே குளிர்ந்தது. அம்மா என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். "இவரு முடிச்சதும் பாட்டு போடுவாங்க, இருன்னு சொல்வாங்க சார்" என்றார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். மல்லிகா போட்டது ஆறு கோழிக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ரெண்டு மாத்திரை. முட்டை ஓட்டுக்கு வேண்டியதில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது என்றார். கருவாட்டுத் தலை பற்றிக் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டார்.

"அப்ப ஓடு எப்படிங்க வந்துச்சு?"

"மழை பெஞ்சுதுல்ல சார்" என்றார்.

வைகாசியில் கோடை மழை இறங்கியது உண்மைதான். நான் அதைக் கணக்கில் சேர்க்கவேயில்லை. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கோழிக்கு வியர்க்காது. வெயிலில் வாயைப் பிளந்து இரைக்கும். அப்படி ஓயாமல் இரைத்தால், ஓடு உருவாக உடம்பில் இருக்க வேண்டிய கரியமில வாயு மூச்சோடு போய்விடும். போதாததற்கு வெயிலில் தீனியும் குறைத்துத் தின்னும். ஓடு மெலியும், சிலசமயம் வராமலே போகும். குளிர்ந்ததும் தானாகத் திரும்பும். அடுத்த வெயிலுக்கு மறுபடியும் மெலியும்.

அப்புறம் என்ன தீனி என்று கேட்டார். நொய், தவிடு, மத்தியானச் சோறு, மிஞ்சின இட்லி என்று அடுக்கினேன். நெல் விளையும் ஊரில் கோழிக்கு வேறென்ன போடுவார்கள்? அங்கேதான் கோளாறு என்றார். வயிறு சோற்றில் நிறைந்துவிட்டால் சத்துத் தீனிக்கு இடமில்லை. முட்டைக்கோழித் தீவனம்தான் முக்கியம். நொய்யும் தவிடும் ஆசைக்குக் கொஞ்சம். கூண்டுக்குமேல் கீற்று போட்டு நிழல், மத்தியானம் குளிர்ந்த தண்ணீர். சாயங்காலம் கிளிஞ்சல் குருணை. அதைத் தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். ராத்திரியில்தான் ஓடு படியும்; எது எவ்வளவு வேண்டும் என்று கோழியே பார்த்துப் பொறுக்கிக்கொள்ளும்.

"இதெல்லாம் நீங்களே ரேடியோவில சொல்லியிருப்பீங்களே சார்" என்றார் கடைசியில். கேலியாகச் சொல்லவில்லை.

சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியில் அந்த வாக்கியம் வரிவடிவத்தோடு நினைவுக்கு வந்தது: 'கிளிஞ்சல் குருணையைத் தனிக் கிண்ணத்தில் வைக்கவும்.' 'தனி' என்ற சொல்லை ஒவ்வொரு தடவையும் அழுத்தித்தான் வாசிப்பேன். அங்கே மூச்சு எடுக்க வசதியாக இருக்கும்.

மல்லிகாவிடம் போய்ச் சொன்னேன். நான் பண்ணினதும் இல்லை, நீ பண்ணினதும் இல்லை, மழை பண்ணியிருக்கிறது என்றேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "அப்ப எங் கையி ஒடஞ்சது தண்டமா?" என்றாள். அதற்கு இருவருமே சிரிக்கவில்லை.

ஒற்றைக் கை

கட்டுப் பிரிக்கும் வரை வீட்டு வேலை என் தலையில். சோறு வடித்தேன், குழைந்தது. அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். முதல் நாள் பின்னலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இனி கொண்டையே போடுங்க என்றாள். கூண்டைச் சுத்தம் செய்தபோதுதான் கோழி எச்சம் எவ்வளவு ஒட்டும் என்பது தெரிந்தது. அதை உரமாக்குவது பற்றி எத்தனை தடவை இனிமையாக வாசித்திருக்கிறேன்.

மருத்துவர் இந்தத் தடவை மென்று தின்கிற மாத்திரை எழுதியிருந்தார். மல்லிகா வாயில் போட்டதும் முகத்தைச் சுளித்தாள். சும்மா சாப்பிடு, என்ன ஆகிவிடும் என்றேன். நீங்க ஒண்ணு சாப்பிடுங்களேன் என்று நீட்டினாள். சாப்பிட்டேன். சர்க்கரை தூவின சுண்ணாம்புச் சுவரை நக்கின மாதிரி இருந்தது. அதன்பிறகு அவள் சாப்பிடும்போது அறிவுரை எதுவும் சொல்லாமல், ஒரு வெல்லக் கட்டியை மட்டும் கொண்டுபோய் வைத்தேன்.

கோழிகளுக்குத் தீவனம் மாற்றினேன். கீற்றும் போட்டேன். ஒரு பழைய கிண்ணத்தில் கிளிஞ்சல் வைத்தேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஒவ்வொன்றாக வந்து கொத்தின. ஒன்று நிறையத் தின்றது. ஒன்று ரெண்டு துண்டு பொறுக்கிவிட்டுப் போனது. யாரும் அவற்றுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆடியில் திரும்ப வெயில் கடுமையாக அடித்தபோது நான் தினமும் பயந்துகொண்டேதான் கூண்டுக்குப் போனேன். ஓடு கொஞ்சம் மெலிந்தது. தோல்முட்டை வரவில்லை.

மறுபடியும் அதே கூடம்

மல்லிகாதான் பிடிவாதம் பிடித்தாள். பாதிக் கூட்டத்தில் ஓடிவந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், சொன்னது தப்பு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்றாள். "அவங்க பாட்டுக்குக் கருவாட்டுத் தலைய வாங்கி வாங்கிப் போட்டுக்கிட்டு இருப்பாங்க. போய்ச் சொல்லிட்டு வருவோம்." கட்டுப் பிரித்து, கைக்குப் பட்டை மட்டும் போட்டிருந்த சமயம். அவளும் கூட வந்தாள்.

அதே கூடம், அதே மின்விசிறி. மைக்கைப் பிடித்து, போன தடவை நான் சொன்ன முக்கூட்டு பயனற்றது என்று அறிவித்தேன். கூட்டத்தில் அதிர்ச்சி எதுவும் தெரியவில்லை. யாராவது செய்து பார்த்து நஷ்டப்பட்டிருந்தால் மன்னிக்க வேண்டும் என்றேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாள்:

"யாரும் செய்யல சார். கருவாட்டுத் தலைய யாரு கோழிக்குப் போடுவா? நாங்க கொழம்பு வச்சுடுவோம்."

அடுத்து கீற்று, தண்ணீர், கிளிஞ்சல் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை நானே செய்து பார்த்ததால், எங்கே மூச்சு எடுப்பது என்று தெரியாமல் திணறினேன். கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் கண்ணெல்லாம் ஓரமாக உட்கார்ந்திருந்த மல்லிகாவின் கைப்பட்டையில் இருந்தது. கடைசியில் யாரோ கேட்டேவிட்டார்கள், அக்கா கைக்கு என்னாச்சு என்று.

வழுக்கி விழுந்துவிட்டாள், இப்போது பரவாயில்லை என்று நான் ஆரம்பித்தேன். மல்லிகா எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். அதுவரை மைக்கைத் தொட்டுப் பழக்கமில்லாதவள். வாயோடு ஒட்டிப் பிடித்ததில் கூடம் முழுக்கக் கீச்சிட்டது. பழக்க தோஷத்தில் அதைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லக் கையை நீட்டினேன். என் கையை ஒதுக்கிவிட்டாள்.

"எனக்குக் குடுத்த மாத்திரைய நான் கோழிக்குப் போட்டேன். கையி ஒடஞ்சுது. நீங்க போடாதீங்க."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்க வீட்டுலயும் அலமாரி மேலதாங்க்கா கெடக்கு." அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், தான் ரோஜாச் செடிக்குப் போட்டதாகச் சொன்னாள். பூ வந்ததா என்று யாரோ கேட்டார்கள். பூ வந்தது, முட்டிதான் மடக்க வரமாட்டேங்குது என்றாள். சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொருத்தி எழுந்து, குனிந்து நாற்று நட்டுவிட்டு நிமிரும்போது முதுகில் என்ன ஆகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். நாற்காலிகள் நகர்ந்தன. மல்லிகாவைச் சுற்றி வட்டம் கட்டிவிட்டார்கள். மேசைமேல் நான் அடுக்கி வைத்திருந்த முட்டைகளையும் கிளிஞ்சல் பொட்டலத்தையும் ஓரமாகத் தள்ளி, யாரோ ஒருத்தி தன் மாத்திரைச் சீட்டை விரித்தாள்.

கலைச்செல்வி என்னிடம் வந்தாள். "சார், நீங்க கொஞ்சம் வெளிய உக்காந்திருக்கீங்களா? பொம்பளைங்க பேசணும்."

மல்லிகாவின் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். எதிர் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மைக்கை யாரும் அணைக்கவில்லை. மல்லிகா சிரிப்பது ஒலிபெருக்கி வழியாகத் தெரு முழுவதும் கேட்டது.